தப்பாகவே தொடங்கு!

"எனக்குக் கணக்கு வராது சார்."

எத்தனை முறை சொல்லியிருப்பாய் இதை?

சொல்லும்போது வெட்கம்கூட இல்லை. கொஞ்சம் பெருமைதான் எட்டிப் பார்க்கிறது!

"எனக்கு எழுதப் படிக்க வராது" என்று நாலு பேர் நடுவில் சொல்வாயா? நாக்கு கூசும். கணக்கு என்றால் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். பக்கத்தில் இருப்பவரும் "எனக்கும்தான்" என்று கைதட்டிச் சிரிக்கிறார்.

யார் கொடுத்த தீர்ப்பு இது?

எட்டாம் வகுப்பில் கையில் சாக்பீஸோடு போர்டுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றாயே, வகுப்பே சிரித்ததே, அந்த ஐந்து நிமிடமா? முதல் செமஸ்டரில் விழுந்த எம்-1 கணக்கு அரியரா? "இவன் மண்டையில இது ஏறாது" என்று கல்யாண வீட்டில் யாரோ ஒரு மாமா சொன்ன சொல்லா?

அவர் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நீதான் அந்தச் சொல்லை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறாய்!

இறக்கி வை.

இராமானுஜன் பெயரைச் சொல்லி உன்னை அதட்டப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "அவர் மேதை, நான் சாதாரண ஆள்" என்று நழுவிவிடுவாய். அந்தக் கதவை முதலிலேயே சாத்திவிட்டேன்.

மேதைகளை விடு. தப்புகளைப் பற்றிப் பேசுவோம்.

பயன்பாட்டுக் கணிதம், கணினியியல் என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? உள்ளே போய்ப் பார். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. உத்தேசமாக ஒன்றை வைக்கிறார்கள். அது தப்பு. எவ்வளவு தப்பு என்று அளக்கிறார்கள். திருத்துகிறார்கள். மறுபடி அளக்கிறார்கள்.

ராக்கெட் பாதையும் இப்படித்தான் போடப்படுகிறது. நாளைய மழையும் இப்படித்தான் கணிக்கப்படுகிறது.

எந்தத் தப்புக்குப் பயந்து நீ ஓடினாயோ, அந்தத் தப்புதான் அங்கே மூலப்பொருள்!

நம்பமாட்டாய். சரி, ஒரு தாளை எடு.

2-இன் வர்க்கமூலம் என்ன?

கால்குலேட்டரைத் தொடாதே. பள்ளியில் உருப்போட்ட வழியையும் மற. வாய்க்கு வந்த ஒரு விடையைச் சொல்.

1 என்கிறாயா? தப்பு. 1-ஐ 1-ஆல் பெருக்கினால் 1தான் வரும். இருக்கட்டும். அந்தத் தப்பை அடிக்காதே, அழிக்காதே. அதை வைத்தே மேலே போ.

2-ஐ உன் விடையால் வகு. 2 கிடைக்கிறது. உன் விடை 1, வகுத்துக் கிடைத்தது 2. ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது. உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். அப்படியானால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு.

1.5.

இதுவும் தப்புதான்! விடாதே. 2-ஐ 1.5-ஆல் வகு. 1.3333. மறுபடி கூட்டிப் பாதியாக்கு. 1.4167.

இன்னொரு முறை. 1.414216.

இன்னொரு முறை. 1.41421356.

நான்கே சுற்று! எட்டு தசம இடம் வரை சரியான விடை உன் தாளில் இருக்கிறது.

இதில் எந்தச் சுற்றில் நீ மேதையானாய்? வகுத்தாய், கூட்டினாய், பாதியாக்கினாய். ஐந்தாம் வகுப்புப் பாடம்!

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் இந்த வழியை முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். இன்று பொறியியல் கல்லூரிகளில் நியூட்டன் பெயரில் ஒரு முறை நடத்துகிறார்களே, உன் தூக்கத்தைக் கெடுத்ததே, அதை வர்க்கமூலத்துக்குப் போட்டுப் பார். இதே கூட்டலும் இதே பாதியும்தான் வரும். பெயரைப் பார்த்து மிரண்டுவிட்டாய்!

இன்னும் பின்னால் போகலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 7289 என்று எண்ணிட்ட ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டப் பலகை. ஒரு சதுரம், குறுக்கே இரண்டு மூலைவிட்டங்கள், அவற்றின் மேல் ஆப்பெழுத்தில் 2-இன் வர்க்கமூலம். ஐந்து தசம இடம் வரை சரி! வயது ஏறத்தாழ 3,700 ஆண்டு.

எழுதியது யார்? அரண்மனைக் கணிதரா?

இந்த மாதிரி வட்டப் பலகைகள் பள்ளிப் பயிற்சிக்கானவை. யாரோ ஒரு மாணவனின் கைவேலை என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவனுக்கு மின்விளக்கு இல்லை. காகிதம் இல்லை. தசமப் புள்ளிகூட இல்லை. ஈரக் களிமண்ணில் குச்சியால் குத்திக் குத்தி எழுதினான்.

உன் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. நீ சாக்குச் சொல்கிறாய்!

"சார், எனக்கு ரொம்ப லேட் ஆகிடுச்சு. பிளஸ் டூவில் கணக்கே எடுக்கலை. வயசு நாற்பதைத் தொடப்போகுது."

நல்லது. நீ 1-இல் தொடங்காதே. 100-இல் தொடங்கு!

2-இன் வர்க்கமூலம் 100. இதைவிடப் பெரிய உளறல் உண்டா? துணிந்து உளறு! பிறகு அதே வேலையைச் செய்.

50.01. 25.02. 12.55. 6.36. 3.34.

ஐந்து சுற்று ஆயிற்று. எங்கே நிற்கிறாய்? 3.34-இல். விடையின் வாசனைகூட இல்லை! இந்த இடத்தில்தான் நோட்டை மூடுவாய். "அப்பவே சொன்னேனே" என்று எழுந்து போவாய். போன முறை பைத்தான் வகுப்பை விட்டது இந்த இடத்தில்தானே? அதற்கு முந்தைய முறை டிஎன்பிஎஸ்சி கணக்குப் புத்தகத்தைப் பரணில் போட்டதும் இதே இடத்தில்தானே?

உட்கார்!

1.97. 1.49. 1.4162. 1.414215. 1.41421356.

பத்தாவது சுற்று. அதே விடை! அச்சு அசலாக அதே விடை.

1-இல் தொடங்கியவனுக்கு நான்கு சுற்று. 100-இல் தொடங்கிய உனக்குப் பத்து. அவ்வளவு தள்ளி நின்றதற்கு நீ கொடுத்த விலை வெறும் ஆறு சுற்று. ஆறு சுற்றுக்காகவா ஆயுள் முழுக்க "லேட் ஆகிடுச்சு" என்று அழுதுகொண்டிருப்பாய்?

எண்களை மறுபடி பார். முதலில் ஒவ்வொரு சுற்றிலும் எண் ஏறக்குறையப் பாதியானது, அவ்வளவுதான். விடைக்குப் பக்கத்தில் வந்ததும் என்ன நடந்தது? சரியான இலக்கங்கள் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகின்றன! கணிதத்தில் இதற்கு இருபடி ஒருங்கல் என்று பெயர். முதல் ஐந்து சுற்றில் உழைப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பலன் கடைசி மூன்றில் கொட்டும்.

கொட்டுகிற நேரத்தில் நீ இருப்பாயா?

இந்த வழி முறிந்து விழுகிற தொடக்கம் ஒன்றே ஒன்றுதான். பூஜ்யம். 0-ஐ வைத்துத் தொடங்கினால் 2-ஐ 0-ஆல் வகுக்க வேண்டும். முடியாது. குறை எண்ணில் தொடங்கினால்கூட, அது பாட்டுக்குக் குறைப் பக்கத்து வர்க்கமூலத்தில் போய்ச் சேர்ந்துவிடும்! பூஜ்யம் மட்டும் அசையாது.

உன் தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறதா? எதையாவது எழுது!

அடுத்த பயம். "தப்பாச் சொன்னா 'இல்லை'ன்னு சொல்லிடுவாங்களே."

சொல்லட்டுமே! 'இல்லை' என்ற சொல்லின் எடை தெரியுமா உனக்கு?

1 முதல் 10 லட்சம் வரை ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள்கிறேன். நீ கண்டுபிடி. ஆம், இல்லை, இரண்டு பதில்தான் தருவேன். எத்தனை கேள்வி வேண்டும்?

இருபது போதும்.

"5 லட்சத்தைவிடப் பெரியதா?" "இல்லை."

ஏன் முகம் சுருங்குகிறது? அந்த ஓர் 'இல்லை' 5 லட்சம் எண்களைத் துடைத்துப் போட்டுவிட்டது! 'ஆம்' என்று சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பது அதே அளவு 5 லட்சம்தான்.

"இரண்டரை லட்சத்தைவிடப் பெரியதா?" "இல்லை." இன்னும் இரண்டரை லட்சம் காலி.

பத்துக் கேள்வி முடியும்போது மிச்சம் ஆயிரம்கூட இருக்காது. இருபதாவது கேள்வியில் எண் உன் கையில்! சந்தேகமா? 2-ஐ இருபது முறை எழுதிப் பெருக்கிப் பார். 10,48,576. பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதுதான் இருமத் தேடல். கணினியியலின் அரிச்சுவடி.

1948-இல் கிளாட் ஷானன் தகவலை அளக்க ஓர் அளவுகோல் கொடுத்தார். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்விக்கு 'ஆம்' வந்தால் ஒரு பிட். 'இல்லை' வந்தாலும் ஒரு பிட். இரண்டுக்கும் எடை ஒன்றே! உன் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும்தான் 'ஆம்' பெரிது. கணிதத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

இன்டர்வியூவில் திருப்பி அனுப்பினார்களா? எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று அன்று ராத்திரி எழுதிவைத்தாயா? வைக்கவில்லையா? காசு கொடுத்து வாங்கிய ஒரு பிட்டைத் தெருவில் போட்டுவிட்டு வந்திருக்கிறாய்!

ஆனால் ஒன்று. கேள்வியை நடுவில் கேட்க வேண்டும்.

"1-ஆ? 2-ஆ? 3-ஆ?" என்று வரிசையாகக் கேட்டுப் போனால் பத்து லட்சம் கேள்வி ஆனாலும் ஆகும். அதுவும் உழைப்புதான். கண்ணை மூடிய உழைப்பு! புத்தகத்தை ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்தே புரட்டுகிறாயே, அது இந்த ரகம். நடுவில் திற. அங்கே இருக்கிற ஒரு கணக்கைப் போட்டுப் பார். வந்துவிட்டதா? முன்பாதியைக் கட்டிவை. வரவில்லையா? ஓட்டை முன்பாதியில்தான் இருக்கிறது. அங்கே தேடு.

"இவ்வளவு சுலபமா? இதைப் புரியாமலா இருந்தேன்?" என்று தோன்றுகிறதா?

சுலபமில்லை! புரிவது வேறு, எழுதி ஓடவைப்பது வேறு. இதே இருமத் தேடல் முதன்முதலில் அச்சில் வந்தது 1946-இல். எல்லா அளவுப் பட்டியலுக்கும் பிழையின்றி ஓடும் வடிவம் அச்சில் வந்தது 1960-இல். டொனால்ட் நூத் தன் நூலில் பதிவுசெய்திருக்கும் கணக்கு இது.

பதினான்கு வருடம்! உலகத்தின் கூர்மையான மூளைகள் ஒரு சின்ன நிரலை நேர்செய்ய எடுத்துக்கொண்ட காலம்.

அதோடு முடிந்ததா? 2006-இல் ஜாஷுவா பிளாக் ஒரு செய்தியை வெளியிட்டார். ஜாவா மொழியோடு வந்த, அவரே எழுதிய இருமத் தேடலில் ஒரு பிழை! ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்கும் வரி அது. கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் 32 பிட் இடத்தில் அது அடங்காது. நிரம்பி வழிந்து குறை எண்ணாகிவிடும்.

அவர் என்ன செய்தார்? மறைத்தாரா? ஊரறியத் தன் பெயரில் எழுதினார்!

நீ லேபில் என்ன செய்கிறாய்? பக்கத்து சிஸ்டத்து அவுட்புட்டை எட்டிப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறாய். கையெழுத்து வாங்குகிறாய். வெளியே வருகிறாய். பத்துக்குப் பத்து! உனக்கு என்ன தெரியும்? பத்துக்குப் பத்து வாங்கத் தெரியும்.

ஓடாத நிரலை நோட்டில் ஒட்டி, "இந்த வரியில் மாட்டிக்கொண்டேன்" என்று எழுதும் தைரியம் உண்டா? அதற்கு மதிப்பெண் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்த் தேர்வுமுறை அப்படி. ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் உன் ரெக்கார்டு நோட்டைக் கேட்பதில்லை.

"எரர் மேல எரர் வருது சார். சிவப்பு சிவப்பா வருது. இது எனக்கான ஃபீல்டு இல்லை."

அப்படியா? மாரிஸ் வில்க்ஸைக் கேள்.

இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ். 1949 மே மாதம். அவர் தலைமையில் கட்டிய எட்சாக் கணினி முதல்முறையாக ஓடுகிறது. அடுத்த மாதமே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க நிரல் எழுதுகிறார். மொத்தம் 126 வரி. அதில் ஏறத்தாழ 20 பிழைகள்!

கணினியைக் கட்டியவரே ஆறு வரிக்கு ஒரு பிழை விடுகிறார்! கணினி இருக்கும் அறைக்கும் நாடாவில் துளையிடும் கருவிக்கும் இடையே மாடிப்படி. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, படித் திருப்பத்தில் ஒருநாள் அவருக்கு உறைக்கிறது. மிச்சமிருக்கும் வாழ்நாளின் பெரும்பகுதி, சொந்த நிரல்களில் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது!

நீயாக இருந்தால் அந்தப் படியிலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருப்பாய். அவர் மேலே ஏறினார்.

1967-இல் கணினியியலின் உயரிய விருதான டியூரிங் விருதை வாங்கினார்.

எரர் என்பது திட்டு என்று உனக்கு யார் சொன்னது? எந்த வரி, என்ன கோளாறு என்று உட்கார்ந்து சொல்கிறது அந்தக் கணினி. அத்தனை பொறுமை உனக்கு வாய்த்த எந்த வாத்தியாருக்கு இருந்தது? அதைப் படிக்காமலே மூடுகிறாயே!

"இங்கிலீஷ் தெரியாது சார். தமிழ் மீடியம்."

எல்பிடபிள்யூ, பவர்பிளே, யார்க்கர், நோபால். இதெல்லாம் எந்த மீடியத்தில் படித்தாய்? பைத்தான் மொழி தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் சொற்கள் மொத்தமே 35. அவ்வளவுதான். அடுத்த சாக்கு?

"எல்லாமே போச்சு சார். மொத்தமா ஃபெயில்."

இங்கே நில். இதைத்தான் நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளமாட்டேன். 'எல்லாமே' போகாது. எங்கே போனது?

1947. அமெரிக்காவின் பெல் ஆய்வகம். ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் ரிலே கணினியிடம் தன் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேலை நாளென்றால் பிழை வந்ததும் பார்த்துச் சரிசெய்ய ஆள் உண்டு. விடுமுறையில் ஆள் இல்லை. பிழை வந்தால் இயந்திரம் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

திங்கட்கிழமை வந்து பார்க்கிறார். ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் அதே கதை!

எரிச்சல் தலைக்கேறுகிறது. நீயும் நானும் என்றால் கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் அந்த எரிச்சலை ஒரு கேள்வியாக மாற்றினார். தப்பு நடந்துவிட்டது என்று இயந்திரத்துக்குத் தெரிகிறதே, எங்கே நடந்தது என்று மட்டும் ஏன் தெரியக்கூடாது?

மூன்றாண்டு கழித்து, 1950-இல், பதிலை அச்சிட்டார். தாளை எடு, பார்த்துவிடலாம்.

ஏழு இடங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. நான்கு இடங்களில் செய்தி. மற்ற மூன்றில் காவல். கெட்டால் ஓர் இடம்தான் கெடும் என்று வைத்துக்கொள்.

முதல் காவலாளி 1, 3, 5, 7 ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்வான். இரண்டாமவன் 2, 3, 6, 7. மூன்றாமவன் 4, 5, 6, 7. தன் பொறுப்பில் இருக்கும் இடங்களில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையானால் கத்துவான்.

முதல் காவலாளியின் சட்டையில் 1 என்று எழுது. இரண்டாமவனுக்கு 2. மூன்றாமவனுக்கு 4. கத்தியவர்களின் எண்ணை மட்டும் கூட்டு.

முதல்வனும் மூன்றாமவனும் கத்துகிறார்களா? 1 + 4 = 5. தப்பு ஐந்தாவது இடத்தில்! மூன்று பேரும் கத்துகிறார்களா? ஏழாவது இடம். யாருமே கத்தவில்லையா? தப்பு இல்லை.

கெட்டது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எவ்வளவு நேரம்? அங்கே 0 இருந்தால் 1, 1 இருந்தால் 0. முடிந்தது! ஏழில் எது கெட்டது என்று சொல்ல மூன்றே கேள்வி.

இப்போது சொல். எம்-1-இல் எல்லாமே போச்சா? அணிகளா? வகையீடா? தொகையீடா? தொகையீடு என்றால், சூத்திரம் தெரியவில்லையா, சூத்திரம் தெரிந்தும் எல்லையைத் தப்பாகப் போட்டாயா? மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் அடைத்திருக்கலாம் அந்த ஓட்டையை. நீ மூன்று செமஸ்டர் அழுதாய்!

ஹாமிங் திறந்த வழியில் பலர் நடந்தார்கள். 1960-இல் ரீட், சாலமன் இருவரும் இன்னும் வலுவான குறிமுறையைக் கொண்டுவந்தார்கள். டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் பார்த்திருக்கிறாயா? வடைச் சட்டி எண்ணெய் தெறித்து, ஓரம் கிழிந்து, பாதி வெளுத்துப் போயிருக்கும். ஆனாலும் காசு போய்ச் சேர்கிறது! எப்படி? உள்ளே இருப்பது ரீட்-சாலமன் குறிமுறை. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடும்.

முப்பது சதவீதம் சிதைந்த அட்டை வேலை செய்கிறது. ஒரு பேப்பரில் தவறிய நீ வேலை செய்யமாட்டாயா?

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தப்பு செய் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். தப்பை அப்படியே விட்டுவிடு என்று சொன்னேனா?

உன் கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல். 0.30000000000000004 என்று காட்டும். அதிர்ச்சியாக இருக்கிறதா? மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடியாமல் போகிறதல்லவா? அதேபோல 0.1-ஐ இரும எண்ணில் எழுதினால் முடியவே முடியாது. எங்கேயாவது வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு துளி பிழை.

ஒரு துளிதானே?

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணுகிறது. அந்த 0.1-ஐ 24 பிட்டோடு வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் பிழை வினாடியில் கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத தூசி!

அமைப்பை அணைக்காமல் 100 மணி நேரம் ஓடவிட்டார்கள். 36 லட்சம் எண்ணிக்கை. தூசி சேர்ந்து 0.34 வினாடி ஆயிற்று. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். தடுப்பு அமைப்பு அதை வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

நடுநடுவே ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே அந்தப் பிழை பூஜ்யத்துக்கு வந்திருக்கும். திருத்திய மென்பொருளும் அனுப்பப்பட்டிருந்தது. தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அத்தனை சாவை எடுத்து உன் சோம்பலுக்கு உதாரணம் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டத்தான் வேண்டும். ஏனென்றால் நீ பெரிய தப்புக்குத்தான் பயப்படுகிறாய். தினமும் விடும் சின்னத் தப்பைத் தப்பென்றே நினைப்பதில்லை. "இந்த ஒரு ஸ்டெப் புரியலை, பரவாயில்லை." "இன்னிக்கு ஒரு நாள்தானே." "எக்ஸாமுக்கு முன்னாடி பாத்துக்கலாம்." எல்லாம் தூசிதான். எண்ணிக்கொண்டே இருக்கிறது உன் கடிகாரம்!

புரியாத இடத்தில் நிறுத்து. அன்றைக்கே கேள். பக்கத்துப் பெஞ்சுக்காரனைக் கேள், ஜூனியரைக் கேள், யாரையாவது கேள். மானம் போகாது.

கடைசியாக ஒரு சாக்கு. புத்தம் புதியது. "இனி எல்லாத்தையும் ஏஐ பண்ணிடும் சார். நான் எதுக்குப் படிக்கணும்?"

அந்த ஏஐ எப்படிப் படித்தது, தெரியுமா உனக்கு?

தொடங்கும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் குலுக்கிப் போட்டவை. முதல் பதில் சுத்த உளறல். எவ்வளவு உளறல் என்று அளக்கிறார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தால் பிழை குறையும் என்று வகையீட்டால் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் ஓர் எட்டு வைக்கிறார்கள். மறுபடி அளக்கிறார்கள். மறுபடி ஓர் எட்டு. பிரான்சின் கோஷி 1847-இலேயே சொல்லிவிட்டுப் போன வழி!

எட்டு பெரிதாக வைத்தால் பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டில் போய் விழும். ரொம்பச் சின்னதாக வைத்தால் வந்து சேராது. ஒரே ராத்திரியில் முழுப் புத்தகத்தையும் விழுங்கப் பார்த்தாயே, அது முதல் ரகம். மாதத்துக்கு ஒரு கணக்கு போடுகிறாயே, அது இரண்டாவது.

இயந்திரமே கோடிக்கணக்கான தப்பு செய்துதான் கற்றது. நீ பத்துத் தப்புக்கே படுத்துவிட்டாய். படுத்துக்கொண்டு, அது உன் வேலையைப் பறிக்கிறது என்கிறாய்!

அது எழுதிக் கொடுக்கும் நிரல் சரியா என்று யார் பார்ப்பது? நிபுணர் எழுதிய நிரலிலேயே ஒன்பது ஆண்டு ஒரு பிழை ஒளிந்திருந்ததே! பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி மரியாதை. பார்க்கத் தெரிய வேண்டுமானால் நீயே நூறு முறை தப்பாக எழுதியிருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

பேச்சு போதும். வேலைக்கு வா.

7-இன் வர்க்கமூலம். 3 என்று தப்பாகத் தொடங்கு. வகு, கூட்டு, பாதியாக்கு. 2.6667 வரும். இன்னொரு சுற்று. 2.6458. நான்கு தசம இடம் சரி!

இப்போது அதையே பைத்தானில் எழுது. செல்போனிலேயே எழுதலாம். ஐந்தாறு வரிதான். நிச்சயம் எரர் வரும். எந்த வரி என்று அதுவே சொல்லும். படி. திருத்து. ஓட்டு. மறுபடி எரரா? மறுபடி படி!

ஓடியதும் 11-ஐக் கொடு. அந்த விடையை நான் சொல்லமாட்டேன். எந்தத் தப்பில் தொடங்கினாய், எத்தனை சுற்றில் வந்து சேர்ந்தாய் என்று தாளின் மேலே தேதி போட்டு எழுதிவை. இன்றைக்கே எழுது!